ஐந்தரை கிலோவும் ஒரு சுட்டுவிரலும்: டபுள் ஆக்‌ஷன் ட்ரிக்கர் எப்படி இழுக்கணும்?

நம்ம படங்கள்ல இந்த சீனை எத்தனை தடவை பாத்திருப்பீங்க! போலீஸ் ஹீரோ ரிவால்வரை எடுத்து வில்லன் நெத்தியில வைப்பார். ஒரு பக்க வசனம் பேசுவார். பேசி முடிச்சதும் கட்டைவிரலால துப்பாக்கிக்குப் பின்னாடி இருக்கிற ஹேமரை ‘க்ளிக்’னு இழுப்பார். வில்லனுக்கு வேர்த்துக் கொட்டும்.

உண்மையைச் சொன்னா, அவர் கையில இருக்கிற ரிவால்வர் பெரும்பாலும் டபுள் ஆக்‌ஷன் வகை. அதுக்கு அந்த ‘க்ளிக்’ தேவையே இல்லை. ட்ரிக்கரை மட்டும் இழுத்தாலே ஹேமர் தானா பின்னாடி போய், தானா விழுந்து, குண்டு வெடிச்சிடும். சுகமா இருக்கேன்னு தோணுதா? அந்தச் சுகத்துக்கு விரல் கொடுக்கிற விலையைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. நிறைய ஸ்டாடிக்ஸ் வரும். ஃபர்ஸ்ட் இயர்ல மெக்கானிக்ஸ் பேப்பர்ல அரியர் வச்சவங்களும் தைரியமா படிக்கலாம்.

முதல்ல ஒரு சின்ன விஷயம். தமிழ்ல ட்ரிக்கருக்கும் ‘விசை’னுதான் பேரு, ஃபோர்ஸுக்கும் ‘விசை’தான். ‘விசை மேல் செலுத்தும் விசை’னு எழுதினா எனக்கே தலை சுத்தும். அதனால ட்ரிக்கரை ட்ரிக்கர்னே சொல்லிடறேன். அப்புறம், கிலோன்னு சொல்ற இடத்துல எல்லாம் கிலோகிராம்-விசைன்னு எடுத்துக்கோங்க. நியூட்டன்ல வேணும்னா 9.8 ஆல பெருக்கிக்கலாம்.

ஒரே இழுப்பில் ரெண்டு வேலை

‘டபுள்’னா ரெண்டு குண்டு போகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. ட்ரிக்கர் ரெண்டு வேலை செய்யுது, அதனால டபுள். ஹேமரை ஸ்பிரிங்குக்கு எதிரா பின்னாடி தள்ளுறது முதல் வேலை. அதை விடுவிக்கிறது ரெண்டாவது வேலை. சிங்கிள் ஆக்‌ஷன்ல முதல் வேலையை உங்க கட்டைவிரல் ஏற்கெனவே முடிச்சிருக்கும். ட்ரிக்கருக்கு மிச்சம் இருக்கிறது விடுவிக்கிறது மட்டும்தான்.

1851-ல லண்டன்ல நடந்த மாபெரும் கண்காட்சியில அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட்டும் இங்கிலாந்தின் ராபர்ட் ஆடம்ஸும் தங்களோட ரிவால்வர்களைக் காட்சிக்கு வச்சாங்க. கோல்ட் ரிவால்வர்ல ஒவ்வொரு சுடுதலுக்கும் ஹேமரைக் கட்டைவிரலால இழுக்கணும். ஆடம்ஸோடதுல ட்ரிக்கரை இழுத்தா போதும். வேகமா சுடலாம், ஆனா நிதானமா குறிபார்த்துச் சுடறது கஷ்டம். கொஞ்ச வருஷத்துல ஃப்ரெடரிக் போமாண்ட் என்கிற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஆடம்ஸ் டிசைனைத் திருத்தி, ரெண்டு விதமாவும் சுடற மாதிரி மாத்தினார். அவர் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்தவர், அதாவது நம்ம ஆளு! இன்னிக்கு டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்னு சொல்றதுல பெரும்பாலானதுல இருக்கிறது அந்த ஐடியாதான். நம்ம நாட்டு ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியின் .32 ரிவால்வரும் இதே வகைதான்.

மேகசின் வச்ச பிஸ்டல்கள்ல இது பிரபலமாக 1929 வரைக்கும் ஆச்சு. ஜெர்மனியின் வால்தர் பிபி-யில முதல் குண்டுக்கு டபுள் ஆக்‌ஷன். அது வெடிச்சதும் ஸ்லைடு பின்னாடி வந்து ஹேமரைத் தானே காக் பண்ணிடும். அதனால ரெண்டாவது குண்டிலிருந்து சிங்கிள் ஆக்‌ஷன். 1985-ல அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட பெரெட்டா எம்9-லயும் இதே ஏற்பாடுதான்.

இப்போ நம்பர்ஸ்

பெரெட்டா 92-ஐயே உதாரணமா எடுத்துப்போம். குண்டு போடாத எடை சுமார் 950 கிராம். டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிக்கரை இழுக்கத் தேவையான விசை சுமார் 5.5 கிலோ. சிங்கிள் ஆக்‌ஷன்ல அதுல பாதி கூட வராது. ஒப்பிட்டுப் பார்க்க, ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு விதிப்படி குறைந்தபட்ச ட்ரிக்கர் எடை வெறும் 500 கிராம்.

ஒரு கிலோகூட இல்லாத பொருளை அசையாம பிடிச்சுக்கிட்டு, அது மேலயே அதன் எடையைப் போல அஞ்சு மடங்குக்கு மேல விசை கொடுக்கணும். அதுவும் ஒரே விரலால, ஒரு சென்டிமீட்டருக்கு மேல இழுத்துக்கிட்டே.

ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் போடுங்க. உங்க விரல் ட்ரிக்கரை நேர் பின்னால இழுத்தா, உள்ளங்கை அதே அளவு எதிர்விசை கொடுக்கும், பிரச்சினை இல்லை. ஆனா விரல் வெறும் 5 டிகிரி பக்கவாட்டுல சாய்ஞ்சு இழுக்குதுன்னு வைங்க. சைன் 5 என்பது 0.087. அதை 5.5-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட அரை கிலோ. அதாவது ஒரு கிலோ துப்பாக்கியை யாரோ பக்கத்துல இருந்து அரை கிலோ விசையில தள்ளிக்கிட்டே இருக்காங்க. அதே 5 டிகிரி தப்பை 500 கிராம் ஏர் பிஸ்டல்ல பண்ணா பக்கவாட்டு விசை 44 கிராம்தான். ஏர் பிஸ்டல்ல நல்லா சுடறவங்க டபுள் ஆக்‌ஷனை எடுத்ததும் தடுமாறுவது இதனாலதான். கை நடுங்குதுன்னு அவங்க நினைப்பாங்க. உண்மையில அங்க வேலை செய்யறது அந்த ஐந்து டிகிரிதான்.

சரி, துப்பாக்கி கொஞ்சம் அசைஞ்சா என்ன? பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் பெரெட்டாவுல சுமார் 155 மி.மீ. முன் சைட் 1 மி.மீ. விலகினா, ஒத்த முக்கோணக் கணக்குப்படி 7 மீட்டர்ல குண்டு 45 மி.மீ. தள்ளிப் போகும். 25 மீட்டர்ல 16 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு ஜாண்ல பெரும்பகுதி போச்சு!

விரலை எங்கே வைக்கிறது?

இங்கதான் புத்தகத்துக்குப் புத்தகம் சண்டை. சிங்கிள் ஆக்‌ஷன் சொல்லிக் கொடுக்கிறவங்க எல்லாரும் சொல்றது, சுட்டுவிரல் முதல் கணுவோட சதைப்பகுதி நடுவுல, அதாவது கைநாட்டு வைக்கிற இடத்துல ட்ரிக்கர் படணும்னு. அந்த இடத்துலதான் தொடு உணர்ச்சி அதிகம். 500 கிராமோ ஒரு கிலோவோ இழுக்க அந்த உணர்ச்சிதான் முக்கியம், பலம் தேவையில்லை.

டபுள் ஆக்‌ஷனுக்கு அதே இடத்தை வச்சுப் பாருங்க, சதை நசுங்கும், விரல் நுனி பின்னால வளையும். காரணம் லீவர்தான். உங்க சுட்டுவிரலை ஸ்கேல் வச்சு அளங்க. நடு மூட்டிலிருந்து சதைப்பகுதியின் நடு வரைக்கும் பெரியவங்க கையில சுமார் 35 மி.மீ. வரும். நடு மூட்டிலிருந்து நுனி மூட்டின் மடிப்புக் கோடு வரைக்கும் சுமார் 25 மி.மீ. முன்கைத் தசைகள் தசைநார் வழியா நடு மூட்டுல கொடுக்கிற டார்க் ஒண்ணுதான். ஆர்ம் சின்னதானா நுனியில கிடைக்கிற விசை அதிகம். 35-ஐ 25-ஆல வகுத்தா 1.4. இடத்தை ஒரு சென்டிமீட்டர் மாத்தினதுக்கே நாப்பது சதவீதம் கூடுதல் விசை! தசை அதே தசைதான், ஜிம்முக்குப் போகலை.

அதனால டபுள் ஆக்‌ஷனுக்கு ட்ரிக்கரை நுனி மூட்டின் மடிப்புக் கோட்டுல, இல்ல அதை ஒட்டி வைக்கச் சொல்றாங்க. இன்னொரு லாபமும் இருக்கு. நுனி மூட்டை விறைப்பா பிடிச்சுக்க வேண்டிய வேலை குறையுது, ஏன்னா விசை போற இடம் அந்த மூட்டுக்கு மேலேயே இருக்கு.

அப்போ இன்னும் உள்ள விட்டா இன்னும் லாபம்தானேன்னு கேட்கலாம். இல்லை. விரல் ஒரு நேர்கோட்டுல நகராது, மூட்டைச் சுத்தி வில் போட்டுத்தான் நகரும். ரொம்ப உள்ள விட்டா அந்த வில்லின் கடைசிப் பகுதியில இழுப்பு உள்ளங்கைப் பக்கமா திரும்பிடும். வலது கைக்காரருக்கு குண்டு வலப்பக்கம் போகும்பாங்க. நுனியை மட்டும் வச்சா துப்பாக்கியை இடப்பக்கம் தள்ளும்பாங்க. இதை நான் முழுசா சட்டமா எடுத்துக்கிறதில்லை. கையின் அளவு, பிடி, ட்ரிக்கரின் தூரம் எல்லாம் சேர்ந்துதான் திசை முடிவாகும். என் கருத்துல, ‘எந்த இடம்’ என்பதைவிட ‘எந்த இடத்துல வச்சா இந்தக் கை நேர் பின்னால இழுக்குது’ என்பதுதான் சரியான கேள்வி. மடிப்புக் கோடு என்பது தேட ஆரம்பிக்க வேண்டிய இடம், அவ்ளோதான்.

சின்னக் கைக்காரங்களுக்கு இது கூடுதல் தலைவலி. டபுள் ஆக்‌ஷன்ல ட்ரிக்கர் ஆரம்ப நிலையில ரொம்ப முன்னால நிக்கும். எட்டாதப்போ அவங்க பிடியைச் சுத்தித் திருப்பி விரலை எட்ட வைப்பாங்க. அப்போ ரிகாயில் உள்ளங்கைக்கு நேரா வராம கட்டைவிரல் மூட்டுல வந்து மோதும். எம்9-ன் பருத்த பிடியைப் பத்தி சின்னக் கை வீரர்கள் புலம்பினது இதனாலதான்.

இன்னொரு விஷயம் கவனிக்கணும். விரலின் அடிப்பகுதி துப்பாக்கியின் பக்கவாட்டுல உரசக் கூடாது. உரசினா அங்கயும் ஒரு பக்கவாட்டு விசை. விரலுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி தெரியணும்.

நாலு விரலும் சொந்தக்காரங்க

கையை லேசா மூடிக்கிட்டு சுட்டுவிரலை மட்டும் வேகமா மடக்கிப் பாருங்க. மத்த மூணு விரலும் கூடவே கொஞ்சம் இறுகும். விரல் மடக்கும் தசைகள் முன்கையில பக்கத்துப் பக்கத்துல இருக்கு. சுட்டுவிரலுக்கு ஓரளவு தனிக்குடித்தனம், மோதிரவிரலும் சுண்டுவிரலும் கூட்டுக்குடும்பம். ஆனாலும் பெரிய விசை கொடுக்கும்போது சிக்னல் எல்லாருக்கும் கசியும். அஞ்சரை கிலோவை இழுக்கிற அவசரத்துல கீழ் விரல்கள் பால் கறக்கிற மாதிரி இறுகும். துப்பாக்கி முகம் கீழே சாயும்.

இதுக்குத் தீர்வு, இறுக்கத்தை முன்கூட்டியே முடிச்சிடறது. கை எவ்வளவு மேல போக முடியுமோ அவ்வளவு மேல பிடிக்கணும், அப்போதான் பேரலுக்கும் கைக்கும் இடைவெளி குறையும், ரிகாயிலின் மொமென்ட் ஆர்மும் குறையும். ரெண்டாவது கையால நல்லா அழுத்திப் பிடிச்சுக்கணும். அது சுடற கை இல்லை, அதனால அது எவ்வளவு இறுக்கினாலும் சுட்டுவிரலுக்குத் தொந்தரவு இல்லை. சுடற கை உறுதியா இருக்கணும், ஆனா முறுக்கேறி இருக்கக் கூடாது. கடைசி வரைக்கும் இந்த அழுத்தம் மாறாம இருக்கணும். அதிகமா குறைவா என்பதைவிட மாறாம இருக்கிறதுதான் விஷயம்.

ஷூட்டிங் ரேஞ்சுல ஒரு வட்ட சார்ட் ஒட்டியிருப்பாங்க. குண்டு கீழ் இடதுல போனா இந்தத் தப்பு, மேல போனா அந்தத் தப்புன்னு பீட்சா மாதிரி துண்டு போட்டிருக்கும். அது ஒரு கையால, சிங்கிள் ஆக்‌ஷன்ல, நிதானமா சுடறவங்களுக்காக வந்தது. ரெண்டு கையால டபுள் ஆக்‌ஷன் சுடறப்போ அதை வேதவாக்கா எடுத்துக்காதீங்க.

இழுக்கிற விதம்

ரெண்டு பள்ளி இருக்கு. ஒண்ணு ஒரே ஓட்டமா இழுக்கிறது. இன்னொண்ணு ‘ஸ்டேஜிங்’, அதாவது முக்கால்வாசி இழுத்து, ரிவால்வர்ல சிலிண்டர் சுத்தி லாக் ஆகிற சின்னச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மிச்சத்தை சிங்கிள் ஆக்‌ஷன் மாதிரி லேசா முடிக்கிறது.

ஸ்டேஜிங் கேட்கப் புத்திசாலித்தனமா இருக்கும். காகிதத்துல நிதானமா சுடும்போது வேலையும் செய்யும். ஆனா அதுல ஒரு பொறி இருக்கு. நிறுத்தின இடத்துல விரல் நிக்குது, உராய்வு ஸ்டாடிக் ஆயிடுது. மறுபடி நகர்த்த கைனடிக் உராய்வைவிட அதிக விசை வேணும். அந்தக் கூடுதல் விசை கிளம்பின அடுத்த நொடியே ஹேமர் விடுபடுது, எதிர்ப்பு திடீர்னு காணாமப் போகுது, விரல் தடாலுன்னு பின்னால போய் முட்டுது. அதைவிட மோசமா, ‘இப்போ வெடிக்கப் போகுது’ன்னு மூளைக்கு முன்னறிவிப்பு கிடைச்சிடும். உடனே கை தானா ரிகாயிலைத் தடுக்க முன்கூட்டியே கீழே தள்ளும். நான் ஒரே ஓட்டம் கட்சிதான்.

ஒரே ஓட்டம்னா மெதுவான்னு அர்த்தமில்லை, ஒரே சீரா. வேகமா இழுத்தாலும் ஆரம்பத்துல இருக்கிற வேகம் முடிவுலயும் இருக்கணும். அமெரிக்காவின் எட் மெக்கிவர்ன் 1932-ல டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்ல 15 அடி தூரத்துல 5 குண்டை 0.45 விநாடியில சுட்டார். ஒரு இழுப்புக்கு விநாடியில பத்துல ஒரு பங்கு. 1999-ல ஜெரி மிகுலெக் ஆறு குண்டு ரிவால்வரை நடுவுல ரீலோடு பண்ணி மொத்தம் 12 குண்டை 2.99 விநாடியில முடிச்சார். டபுள் ஆக்‌ஷன்னா துல்லியமே வராதுன்னு சொல்றவங்களுக்கு இவங்கதான் பதில்.

இழுக்கிறது பாதிதான், விடுறது மீதி. ரிவால்வர்ல ட்ரிக்கர் முழுசா முன்னால வரலைன்னா அடுத்த இழுப்புல மெக்கானிசம் திணறும், இல்லன்னா ஒரு அறை தாண்டிச் சுத்திடும். வேகமா சுடறவங்க நிறைய பேர் இதுலதான் மாட்டுவாங்க. இழுத்த அதே வேகத்துல, ட்ரிக்கரோட தொடர்பு விடாம விரலை முன்னால கொண்டு போகணும்.

பெரெட்டா மாதிரி பிஸ்டல்ல வேற மாதிரி சிக்கல். முதல் குண்டுக்கு நீளமான அஞ்சரை கிலோ, ரெண்டாவதுக்குக் குட்டியா ரெண்டரை கிலோ. முதல் இழுப்பை அவசரப்பட்டுப் பிடுங்கினா முதல் குண்டு விலகும். அதே பலத்தை ரெண்டாவதுலயும் கொடுத்தா, நினைக்கிறதுக்கு முன்னாடியே அது வெடிச்சிடும். கையை நீட்டி முடிச்சு, சைட்டைக் கண்ணுல பார்த்து, அப்புறம் இழுக்க ஆரம்பிச்சா நேரம் போதாது, அதனாலதான் பிடுங்கத் தோணுது. சைட் கண்ணுக்குத் தெரிஞ்சு இலக்கு மேல வந்ததும், கை நீள நீளவே இழுப்பைத் தொடங்கி, கை முழுசா நீளும்போது முடிக்கப் பழக்குவாங்க. பயிற்சியாளர் பக்கத்துல இல்லாம இதைப் பழகவே கூடாது.

அப்போ எதுக்கு இவ்வளவு கனம்?

லேசாக்கிட வேண்டியதுதானே? இது டிசைன் பிரச்சினையா ஆரம்பிச்சு பாலிசி பிரச்சினையா போயிடும். பதற்றத்துல இருக்கிற போலீஸ்காரர் விரல் தெரியாம ட்ரிக்கர் மேல போனாலும் வெடிக்கக் கூடாது, அதுக்குத்தான் கனமான, நீளமான இழுப்பு. நியூயார்க் போலீஸ் ரொம்ப காலம் தங்க பிஸ்டல்களுக்கு சுமார் 12 பவுண்டு, அதாவது 5.4 கிலோ ட்ரிக்கரை வச்சிருந்தது இந்தக் காரணத்துக்காகத்தான்.

2012 ஆகஸ்ட்ல எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே, ஒருத்தரைச் சுட்டுக் கொன்னுட்டு நடந்து போன ஆளை ரெண்டு போலீஸ்காரர்கள் எதிர்கொண்டாங்க. ரொம்பக் கிட்டத்துல இருந்து 16 குண்டு சுட்டாங்க. அவன் செத்தான். கூடவே வழியில நின்ன 9 பொதுமக்கள் போலீஸ் குண்டாலயும் தெறிச்ச துண்டுகளாலயும் காயம்பட்டாங்க. அப்போ அந்தக் கனமான ட்ரிக்கர் பத்தின விவாதம் பெருசா கிளம்பிச்சு. ட்ரிக்கர்தான் காரணம்னு ஒரே வரியில சொல்லிட முடியாது. பதற்றம், கூட்டம், பயிற்சி எல்லாம் இருக்கு. ஆனா மேல போட்ட சைன் 5 கணக்கை நினைச்சுப் பாருங்க. தெரியாம வெடிக்கிறதைத் தடுக்கிற அதே ஸ்பிரிங், தெரிஞ்சு சுடும்போது குறியைத் தள்ளி விடுது. கனத்தைக் கூட்டினா பயிற்சி நேரத்தையும் கூட்டணும். பட்ஜெட்ல ஸ்பிரிங் மலிவு, பயிற்சிதான் செலவு. எங்கே வெட்டு விழும்னு உங்களுக்கே தெரியும்.

துப்பாக்கி இல்லாம செஞ்சு பார்க்க

நம்ம நாட்டுல ஆயுதச் சட்டம், 1959 இருக்கு. லைசென்ஸ் இல்லாம உண்மையான துப்பாக்கியைத் தொடற பேச்சே கிடையாது. ஆசை இருந்தா ரைஃபிள் கிளப்புல சேர்ந்து ஏர் பிஸ்டல்ல ஆரம்பிங்க, இல்ல என்.சி.சி.-ல .22 ரைஃபிள் கிடைக்கும். எங்க போனாலும் முதல் நாள் முதல் பாடம் ஒண்ணுதான்: சுட முடிவு பண்ற வரைக்கும் விரல் ட்ரிக்கர் கார்டுக்கு வெளியே, நேரா நீட்டி.

ஆனா இந்த ஸ்டாடிக்ஸை ஹாஸ்டல் ரூம்லயே பார்க்கலாம். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே பாட்டில் ஒண்ணு எடுங்க. அதோட இழுப்பு நீளமானது, எதிர்ப்பு உள்ளது, கிட்டத்தட்ட குட்டி டபுள் ஆக்‌ஷன். உள்ள தண்ணி மட்டும் ஊத்தி, மேல ஒரு லேசர் பாயின்டரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. அஞ்சு மீட்டர் தள்ளி வெறும் சுவத்துல ஒரு புள்ளி வச்சு அதுமேல லேசரை நிறுத்துங்க. யார் கண்ணுலயும் படாம பாத்துக்கோங்க, ரூம்மேட் தூங்கினாலும் சரி. இப்போ விரல் நுனியால பத்து தடவை, சதைப்பகுதியால பத்து தடவை, மடிப்புக் கோட்டால பத்து தடவை இழுங்க. ஒவ்வொரு தடவையும் புள்ளி எந்தப் பக்கம் ஓடுதுன்னு நண்பனை விட்டு மொபைல்ல வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பிடியை இறுக்கி ஒரு பத்து, தளர்த்தி ஒரு பத்து. அம்பது இழுப்புக்கு அம்பது ரீடிங். கிராஃப் போட்டுப் பார்த்தா உங்க விரலோட அந்த அஞ்சு டிகிரி எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும். லெஃப்ட் ஹேண்டர் நண்பன் இருந்தா அவனையும் இழுக்கச் சொல்லி ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.